கயிற்றுக்கு அந்தப் பக்கத்துச் சோறு

சாந்தகுணம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அடுத்தவன் சாந்தமாக இருக்க வேண்டும் என்றுதான் பேசுகிறார்கள். வேலைக்காரன் சாந்தமாக இருக்க வேண்டும். மருமகள் சாந்தமாக இருக்க வேண்டும். விதவை சாந்தமாக இருக்க வேண்டும். முதலாளிக்கும் மாமியாருக்கும் சபைக் கமிட்டிக்காரருக்கும் அந்தப் போதனை கிடையாது போல.

நான் விதவை. முக்கூடல் போகிற பாதையில், ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. கலியாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறேன். வாங்கிப் போன அண்டாவை அடி நசுக்கித் திருப்பிக் கொண்டுவருகிறவனைத் தெருவே கேட்கிற மாதிரி ஏசுவேன். ஏசாமல் இருந்தால் என் கடையில் ஒரு கரண்டிகூட மிஞ்சாது.

சாந்தமானவர்களுக்குப் பூமி கிடைக்கும் என்று ஆண்டவர் மலைமேல் உட்கார்ந்து சொன்னார். எங்கள் பக்கம் பூமி யாருக்குக் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நகர்த்துகிறவனுக்குக் கிடைக்கிறது. நல்ல வக்கீல் வைக்கிறவனுக்குக் கிடைக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. எடுக்க வந்தவர்களை நான் விட்டதுமில்லை. ஆனால் இரண்டு அசனம் நடந்த அந்த நாளில் ஒரு காரியத்தை நானே அனுபவித்தேன். அனுபவித்ததை இல்லை என்று சொல்ல முடியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

அசனம் என்றால் எங்கள் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற பொது விருந்து. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். பிரதிஷ்டைப் பண்டிகையன்று காலையில் ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் பந்தி போடுவார்கள். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். ஆடு நேர்ச்சை ஆடு, வீடுகளில் வளர்ந்தது. அரிசி ஒரு வீட்டுக்காரர் கொடுப்பது. சாப்பாடு ஊருக்கே. இந்து, முஸ்லிம், வழியில் போகிறவன் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். முதல் பந்தியில் மட்டும் கமிட்டிக்காரர்களும் அரிசி கொடுத்தவரும் ஆடு கொடுத்தவர்களும் உட்காருவது வழக்கம். அந்த வழக்கத்தை எவன் ஆரம்பித்தான் என்று தெரியாது. ஆண்டவர் ஆரம்பிக்கவில்லை என்று மட்டும் தெரியும்.

சண்டை ஒரு கல்லில் ஆரம்பித்தது. கோயில் கோபுரத்தைப் புதுப்பித்தார்கள். வாசலில் ஒரு பளிங்குக் கல் பதிக்க வேண்டும், அதில் பெயர்கள் வெட்ட வேண்டும். முதல் வரியில் யார் பெயர்? பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரிய சார் தன் அப்பா பெயர் என்றார். அரிசி மில் வைத்திருக்கிற அண்ணாச்சி தன் தாத்தா பெயர் என்றார். அந்த அப்பாவும் தாத்தாவும் செத்துப்போனவர்கள். ஒருவரும் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லிக் கேட்கவில்லை. உயிரோடு இருப்பவர்கள் அவர்களுக்காக அடித்துக்கொண்டார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் மேலத்தெரு பெரிய சார் பக்கம். கீழத்தெரு மில் பக்கம்.

என் தம்பி மில்லில் மேஸ்திரி. அவன் அந்தப் பக்கம்தான் நிற்க முடியும். எனக்கு அது புரியும். ஆனால் அவன் என்னோடு பேசுவதையும் நிறுத்தினான். எங்கள் அம்மா அவன் பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டாள். சோறு ஊட்டி அவனை வளர்த்தது நான். என் கையில் தின்றவன், என் வீட்டு வாசலைத் தாண்டும்போது எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு போக ஆரம்பித்தான். அவன் மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்தது. அந்தப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள். அத்தை நான் அழைக்கப்படவில்லை. வீட்டில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கினேன். நான் அழவில்லை. ஆனால் துலக்கிய தவலையில் ஈயம் போய்விட்டது.

ஊருக்குப் புதிதாக வந்த ஐயர், அதாவது எங்கள் போதகர், சின்ன வயதுக்காரர். மெல்லிய குரல். இரண்டு பக்கமும் அவரைத் திட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டிக்கொள்வார், “சரிங்க, கேட்டுக்கிட்டேன்” என்பார். ஒரு நாள் நான் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

“ஐயரே, நீங்க ஒரு தடவயாவது மேசையத் தட்டிப் பேசக்கூடாதா?”

“தட்டலாம்மா. மேச கமிட்டியோடது. ஒடஞ்சா எந்தக் கட்சிகிட்ட கேக்கது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இவர் எதற்கும் ஆகமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பண்டிகை வந்தது. முதல் பந்தி யாருக்கு என்பதில் பேச்சு முறிந்தது. முடிவில் இரண்டு கட்சியும் சேர்ந்து எடுத்த ஒரே தீர்மானம் இதுதான்: தனித்தனியாக இரண்டு அசனம். ஒரே வளாகம், ஒரே நாள், ஒரே நேரம். மணிக்கூண்டுத் தூணிலிருந்து வேப்பமரம் வரைக்கும் நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு மேற்கே நாங்கள், கிழக்கே அவர்கள். இரண்டு பக்கத்துக்கும் அண்டா என் கடையிலிருந்துதான் போனது. ஒரே அண்டாவின் மூடி இந்தப் பக்கமும் அண்டா அந்தப் பக்கமும் போய்விட்டது. மூடியைக் கேட்க ஆள் வரவில்லை. வாழையிலையைப் போட்டு மூடிக்கொண்டார்கள். வேறு எந்த ஊரில் இந்தக் கூத்து நடக்கும்?

ஆடுகள் எல்லாம் எங்கள் தெரு ஆடுகள். அதனால் அவர்களுக்குக் கறி இல்லை. டவுனிலிருந்து சமையல்காரரைக் கூப்பிட்டு பிராய்லர் கோழி வாங்கிப் போட்டார்கள். பிராய்லர் கோழியில் அசனம். எங்கள் பக்கம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் பக்கம் அரிசி இல்லை. அரிசி எப்போதும் மில்லிலிருந்துதான் வரும். வெளியே வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். பெரிய சார் அதைவிடப் பெரிய யோசனை சொன்னார். எங்கள் வீடுகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கு என்று தனிப் பானையில் போட்டு வைப்போம். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும்.

“எல்லா வீட்டுப் பிடியரிசியையும் ஒரே அண்டால போடுவோம். அதுதான் ஒருமனப்பாட்டுக்கு அடையாளம்” என்றார் பெரிய சார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சோறு பொங்கத் தெரிந்த அத்தனை பெண்களும் அங்கே இருந்தோம். ஒருத்திக்கும் புத்தி வேலை செய்யவில்லை. அந்தப் பக்கத்தை வீழ்த்த வேண்டும் என்ற வெறி வந்தால் அடுப்பறிவுகூடப் போய்விடும்.

அன்று காலை ஆராதனையில் ஐயர் சாந்தத்தைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். கோயிலுக்குள்ளும் மேல்கட்சி வலது பக்கம், கீழ்க்கட்சி இடது பக்கம். தாழ்மை என்பது குனிந்து போகிற அடிமைத்தனம் இல்லை, மற்றவன் நிமிர இடம் விடுவது என்று மெல்லிய குரலில் சொன்னார். மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதிக்கு நான் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் இரண்டு கட்சியும் அவரைத் தங்கள் பக்கம் வந்து ஜெபம் பண்ணக் கூப்பிட்டது. அவர் கயிற்றுப் பக்கத்தில் போய் நின்றார்.

“சோறு ஒண்ணுதான். ஜெபமும் ஒண்ணுதான் பண்ணுவேன்” என்று சொல்லிக் கயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு ஜெபித்தார்.

பந்தி உட்கார்ந்தது. பெரிய சாரும் எங்கள் கமிட்டிக்காரர்களும் முதல் வரிசை. பின்னால் ஊர்ச்சனம். அண்டாவைத் திறந்தோம்.

பச்சரிசி, புழுங்கலரிசி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பழசு, புதுசு எல்லாம் ஒரே உலையில். பாதி கரைந்து கஞ்சியாகிவிட்டது. மீதி அந்தக் கஞ்சிக்குள் கல்லுக் கல்லாகக் கிடந்தது. அகப்பையை விட்டால் நிற்கிறது. இன்னும் வேகவைத்தால் அடி பிடிக்கும். இறக்கினால் தின்ன முடியாது. ஒருமனப்பாட்டின் அடையாளம்.

வாசலில் வேறு கூட்டம் நின்றது. வருடா வருடம் வருகிற பிற மதத்துச் சனம். கயிற்றைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை. முன்னால் நின்றவர் சைவ வீட்டு அண்ணாச்சி, தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். கறி தொடமாட்டார். ரசமும் சோறும் சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போவார்.

“ஏம்மா, நாங்க எந்தப் பக்கம் உக்காரணும்? உங்க சண்டையில எங்களுக்கு எந்தக் கட்சின்னு சொல்லிட்டியன்னா அங்கன போயிருவோம்” என்றார். கிண்டல் பாதி, நிஜம் பாதி.

பாத்திரக்காரி நான். எத்தனையோ கலியாணம் பார்த்தவள். இலை போட்டு உட்கார்ந்தவனை வெறும் இலையோடு எழுப்பி அனுப்புவதைவிட அசிங்கம் கிடையாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பனையோலைப் பாயில் மல்லிகைப்பூப் போலச் சோறு குவிந்து கிடந்தது. ஊருக்கே போடலாம். எங்கள் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். யாரை அனுப்பலாம், என்ன வார்த்தை சொல்லலாம், கேட்டால் கட்சி தோற்றதாக ஆகாதா. அந்தக் கயிறு நெஞ்சு உயரம். தாண்ட முடியாது. குனிந்துதான் போக வேண்டும். ஊர் பார்க்கக் குனிய ஒருவருக்கும் மனம் வரவில்லை.

எனக்கும் வரவில்லை. எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சோற்றுக் குவியல் பக்கத்தில் கையில் அகப்பையோடு நின்றவன் என் தம்பி. அவன் முகத்துக்கு நேராகப் போனால் ஒன்று பேச வேண்டும், அல்லது அவன் முகத்தைத் திருப்புவதை ஊரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். திருப்பிவிட்டால் அதற்குப் பிறகு எனக்குத் தம்பி இல்லை. அதுவரை இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒரு சவுகரியம் இருந்தது. அதைக் கைவிடத்தான் பயமாக இருந்தது.

ஆனால் பந்தியில் போட்ட இலையெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. ஓலைப்பெட்டியை எடுத்தேன். சேலையை இழுத்துச் செருகினேன். கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தேன். இரண்டு பக்கத்துப் பந்தியும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

“என்ன எக்கா, வழி தவறி இங்கன வந்துட்டியா?” என்றான் தம்பி. அவன் கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சோறு வேணும்ல” என்றேன்.

“அங்கன ஒருமனச் சோறு பொங்குனியளே, என்னாச்சு?”

“வேகல. பாதி கொழஞ்சிட்டு. பாதி கல்லா கெடக்கு.”

“அத உங்க பெரிய சார் வந்து சொல்லட்டும்.”

“அவரு வரமாட்டாரு. நான் வந்திருக்கேன்.”

“நீ யாரு? கோழி அசனம், கோழி அசனம்னு காலையில இருந்து இளிச்சிய. எனக்குக் காதில்லன்னு நெனச்சியா? இப்ப கோழிக்காரன்கிட்ட பெட்டிய நீட்டுத.”

நான் பெட்டியை நீட்டியபடியே நின்றேன். அவன் நிறுத்தவில்லை. கல் விஷயம், கமிட்டி விஷயம், எங்கள் தெருக்காரன் எவனோ அவனை மில் கூலி என்று சொன்ன விஷயம் எல்லாம் வந்தது. கடைசியில் அது வந்தது.

“எம் மக வெள்ள உடுப்புப் போட்டுட்டு ஒன் வாசல் வழியாத்தான் போனா. ஒரு எட்டு எட்டிப் பாத்தியா?”

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நீ கூப்பிட்டியால? இரண்டே வார்த்தை போதும். சரியான பதில். நியாயமான பதில். சொல்லியிருந்தால் அவன் வாய் அடைத்திருக்கும். என் வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட பதில்களைச் சொல்லித்தான் கடை நடத்தியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பக் குனிந்து போயிருப்பேன். கெட்டிக்காரி என்று எங்கள் தெரு மெச்சியிருக்கும்.

நான் அதை விழுங்கினேன். பயந்து விழுங்கவில்லை. இதை யாரும் தப்பாக எழுதிவைக்க வேண்டாம். அடிக்கக் கையில் கல் இருந்தது, கீழே போட்டேன். அவ்வளவுதான்.

“சரிலே. இன்னும் இருந்தா சொல்லு. நான் நிக்கேன்” என்றேன்.

அவன் அகப்பையைக் கை மாற்றிப் பிடித்தான். எதிரே சுவர் இருந்தால் பந்து திரும்பி வரும். அங்கே சுவர் இல்லை. சொல்ல இன்னொன்று தேடிப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவன் குரல் இறங்கிப்போனது.

“எட்டிப் பாத்திருக்கலாம்லா” என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“பாத்திருக்கலாம். எனக்கும் ஆசதான்.”

பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கினான். சோற்றை வாரி வாரிப் போட்டான். பெட்டி நிறைந்தும் போட்டான். மில் அண்ணாச்சி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே நின்றார்.

“இவ்வளவு எப்படிச் சுமப்ப? பெட்டியில கொண்டுபோனா பொழுது போயிரும். பாயோட தூக்குவோம்” என்றான் தம்பி. உடனே, “அங்கன கறி கெடக்கா?” என்றான்.

“கெடக்கு. கொள்ளக் கறி.”

உங்கள் கோழிக்கு அது எவ்வளவோ மேல் என்று சொல்ல வாய் துடித்தது. அதையும் விழுங்கினேன். ஒரே நாளில் இரண்டு. எனக்கே நம்ப முடியவில்லை.

தம்பி கயிற்றுக்கு அடியில் குனிந்து எங்கள் பக்கம் வந்தான். கறி அண்டாவின் காதுகளில் கம்பைக் கொடுத்து, அவன் ஒரு முனையும் எங்கள் தெருக்காரர் ஒருவர் மறுமுனையுமாகத் தோளில் தூக்கினார்கள். அவனை மில் கூலி என்று சொன்னது அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. இன்றுவரை சொல்லவில்லை. நாலு எட்டு வைத்ததும் கயிறு மறித்தது. ஆள் குனியலாம், தோளில் கம்பும் கொதிக்கிற குழம்பும் இருந்தால் குனிய முடியாது. இரண்டு பேரும் நின்றார்கள்.

“ஏ, இந்தக் கயிற அவுங்கப்பா, தோள் எரியுது” என்றான் தம்பி.

யார் கட்டியது, யார் அவிழ்ப்பது என்று மறுபடியும் கட்சிகள் ஒன்றை ஒன்று பார்த்தன. அதற்குள் ஐயர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முடிச்சில் நகத்தை விட்டு நோண்டிக்கொண்டிருந்தார். ஒருவன் அரிவாளோடு ஓடினான்.

“வெட்ட வேண்டாம்ப்பா. நல்ல கயிறு, மாட்டுக்கு ஆகும். பைய அவுத்துருவேன்” என்றார்.

அவிழ்ந்தது. அண்டா நகர்ந்தது. சோற்றுப் பாய் இந்தப் பக்கம் வந்தது. வாசலில் நின்ற சனம் கேட்காமலே உள்ளே புகுந்து கிடைத்த இடத்தில் உட்கார்ந்தது. சைவ வீட்டு அண்ணாச்சி எங்கள் முதல் வரிசையில், கமிட்டிக்காரர் எழுந்துபோன இடத்தில் சம்மணம் போட்டார்.

“இப்பத்தான் கோயில் மாதிரி இருக்கு. எனக்கு ரசம் ஊத்துங்க” என்றார்.

அதற்குப் பிறகு முதல் பந்தி எது என்று யாருக்கும் தெரியவில்லை. கீழத்தெருப் பெண்கள் எங்கள் கறியைப் பரிமாறினார்கள். மேலத்தெரு ஆண்கள் அவர்கள் சோற்றைப் போட்டார்கள். டவுன் சமையல்காரரின் கோழியும் தீர்ந்துபோனது. பெரிய சாரும் மில் அண்ணாச்சியும் தங்களை யாராவது கூப்பிடுவார்கள் என்று கடைசிவரை நின்றார்கள். யாருக்கும் நேரம் இல்லை. கடைசி வரிசையில் இரண்டு இலைதான் மிச்சம், பக்கத்துப் பக்கத்தில். உட்கார்ந்தார்கள். கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. பெரிய சார் சோறு கேட்டார், மில் அண்ணாச்சி தன் பக்கத்தில் இருந்த பெட்டியை நகர்த்தினார். போதும். கல் இன்னமும் கோயில் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறது, அதில் ஒரு எழுத்தும் வெட்டவில்லை. கோபுரம் அதற்காக விழுந்துவிடவில்லை.

நான் இதைச் சொன்னால் சில பேர் உடனே சந்தோஷப்பட்டு, “பாத்தியா, பொறுத்துப் போகணும்” என்று தங்கள் மருமகளுக்குச் சொல்லப் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அடிவாங்குகிறவளிடம் போய்ச் சாந்தத்தைப் போதிக்கிறவனை இப்போதும் விளக்குமாற்றால்தான் விரட்டுவேன். அது அவளிடம் கேட்க வேண்டிய பொருள் இல்லை. கையில் அகப்பை வைத்திருக்கிறவனிடம், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனிடம், பதில் சொல்லத் தெரிந்த என்னைப் போன்ற வாய்க்காரியிடம் கேட்க வேண்டியது. ஆண்டவரும் பலம் இருந்தே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார். பலம் இல்லாமல் கழுவினால் அதற்கு வேறு பெயர்.

சந்தோஷம் என்பதைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஒருவனை வாயடைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது ஒரு குளிர்ச்சி இருக்கும். காபி ஆறுவதற்குள் அது போய்விடும். அன்று வந்தது அந்த வகை இல்லை. எச்சில் இலைகளைக் கூட்டி அள்ளும்போதுகூட எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தம்பி மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னோடு இலை எடுத்தாள். “அத்த, நீங்க சண்ட போடுவியன்னு எல்லாரும் வேடிக்க பாக்க வந்தோம், ஏமாந்துட்டோம்” என்றாள். நான் அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்தேன். இத்தனை நாள் குட்டாத குட்டு.

கடைசியாகப் பரிமாறினவர்கள் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி வந்து என் இலைக்குப் பக்கத்தில் இலை போட்டான். ஒரு கவளம் வாயில் வைத்தான், மென்றான், என்னைப் பார்த்தான்.

“கறியில உப்பு கூட” என்றான்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. அதை அவனுக்குச் சொன்னேன். பலமாகத்தான் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கறி கேட்டான், நான் எழுந்து போய் ஊற்றினேன்.